குசினிக்குப் போகும் வழி

"உங்க வீட்டை வரைங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண்.

"என்ன ஸ்கேல்?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நான் கேட்டதில் என்ன தப்பு? வீடு வரையச் சொன்னால் அளவு கேட்காமல் யாராவது பேனாவைத் தொடுவார்களா?

இடம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மேல்மாடி. மல்லிகை வாசமும் பக்கத்துக் கடை வடை வாசமும் ஒன்றாகப் படியேறி வரும். நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஒரு பிஸ்கட் டின் நிறைய கிரயோன். பாதி உடைந்தவை. ரூலர் இல்லை. செட் ஸ்கொயர் இல்லை. கூர் சீவிய பென்சில்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு வீடு வரைய வேண்டுமாம்.

"ஸ்கேல் எல்லாம் வேணாம் அங்கிள். மனசுல எப்படி வருதோ அப்படிப் போடுங்க."

"மனசுல வர்றபடி போட்டா வீடு இடிஞ்சு விழும்மா."

பக்கத்து நாற்காலிப் பெண்மணி கெக்கெக்கே என்று சிரித்தார். அவர் கையில் மஞ்சள் கிரயோன். அவர் தாளில் அதற்குள் ஒரு மஞ்சள் வேன் வந்து நின்றிருந்தது. சக்கரம் இரண்டும் இரண்டு அளவு. எனக்குக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

இந்தத் தொடரில் ரயில்வே குவார்ட்டர்ஸைப் பற்றி எழுதிய வாரங்களில், "இத்தனை வயதில் உங்களுக்கு எப்படி ஐயா இவ்வளவு ஞாபகம்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஞாபகம் இல்லாத ஒன்றும் உண்டு. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

மகள் போட்ட நிபந்தனை

நானாக அந்த மாடிப்படி ஏறவில்லை. என் மகள் சுபா ஏற்றிவிட்டாள்.

அவள் காஜாங்கில் இருக்கிறாள். நான் கிள்ளானில், ஒரு பழைய வரிசை வீட்டில், தனியாக. என் மனைவி யோகம் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் நான் வாழ்ந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சமையலறையைக் குசினி என்போம். அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியோடு வந்த சொல் அது. அந்தக் குசினியை நான் மூடிவிட்டேன். மூடியதோடு நில்லாமல், மாப்பிள்ளையைப் பிடித்து ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரியை நகர்த்தி, கதவுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். அதற்கு முன்பே ஃபிரிட்ஜ் ஹாலுக்கு வந்துவிட்டது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டி டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மூன்று வேளையும் கடைச் சாப்பாடு.

சுபா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் வெடித்தாள்.

"குசினி இல்லாம அது என்ன வீடுப்பா? நீங்க அங்க வாழல, சும்மா தங்கியிருக்கீங்க. வித்துட்டு எங்க கூட வந்துடுங்க. எனக்கு டெய்லி பயமா இருக்கு."

"விக்கறதா? என் பொணம் போன பிறகு வித்துக்கோ."

"அப்படின்னா அந்தக் கதவைத் திறங்க."

நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அவளுடைய ஆபீஸ் தோழி ஒருத்தி சொல்லி, இந்த வகுப்பைக் கண்டுபிடித்தாள். ஆர்ட் தெரபி. படம் போட்டு மனசைத் தேற்றிக்கொள்வதாம். நான் ஒழுங்காகப் போய் வந்தால் அதுவரைக்கும் வீட்டு ஏஜென்ட்டைக் கூப்பிட மாட்டாளாம். இப்படித்தான், பேரப்பிள்ளைகள் பிடிக்கிற கிரயோனைப் பிடிக்க நான் வாரா வாரம் கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயில் ஏறினேன்.

என் கட்டிலின் மேல் ஒரு கார்

அந்த முதல் நாள் நான் வரைந்தது கிள்ளான் வீட்டை அல்ல. கை தானாகப் போய் அப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸைப் போட்டது.

நடந்து போனால் அந்தப் பூக்கடையிலிருந்து கூப்பிடு தூரம். இப்போது அங்கே ஒரு கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், என் கட்டில் இருந்த இடத்தில் இன்றைக்கு யாரோ கார் நிறுத்துகிறார்கள். நல்லா இருக்கட்டும்.

கிள்ளான் ரயில் போகும்போது எங்கள் வீட்டில் தட்டுகள் எல்லாம் கிணுகிணுக்கும். அம்மா கடிகாரம் பார்த்ததில்லை. "தட்டு ஆடிட்டுது, அப்பா வரப்போறார்" என்று சோற்றை இறக்குவார். ஜன்னல் கம்பியில் வாயை வைத்தால் இரும்பும் மழையும் கலந்த ஒரு ருசி இருக்கும். எதற்கு வாயை வைத்தேன் என்று கேட்காதீர்கள். சின்னப் பிள்ளை, வைத்தேன்.

உடைந்த பழுப்புக் கிரயோனால் அத்தனையும் போட்டேன். முன்வாசல், பின்வாசல், கோழிக்கூட்டுக் கதவு உட்பட. வகுப்பை நடத்தும் ஷாமினி, அதான் ஸ்கேல் வேண்டாம் என்ற பெண், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுல உங்களுக்கு எங்க இருக்கப் பிடிக்கும் அங்கிள்?"

ஒரு மாதிரியாகிவிட்டது எனக்கு. நாற்பது வருஷத்துக்குக் கிட்ட எத்தனையோ கட்டடங்களுக்குப் பிளான் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம், கிளினிக், போலீஸ்காரர் வீடு. சுவர் சரியா, தூண் சரியா, சாக்கடை எந்தப் பக்கம் சரியும் என்று கேட்டிருக்கிறார்கள். இதில் நீ எங்கே இருப்பாய் என்று எவனும் கேட்டதில்லை.

"குசினிப் படி" என்றேன். "அம்மா தேங்காய் துருவும்போது அங்கதான் உட்காருவேன். துருவல் கிடைக்கும்."

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். "ஆகா, பிரமாதம்" என்று கைதட்டவும் இல்லை, இதற்கு இதுதான் அர்த்தம் என்று ஜோசியம் சொல்லவும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். கேட்பாள், பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பாள். நம் ஆட்களில் இது எத்தனை பேருக்கு முடியும்?

அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. காரணம் தெரியவில்லை. படம் போட்டதாலா, அம்மாவைப் பற்றி வெகுநாள் கழித்து யாரிடமோ பேசியதாலா? இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அமோனியா

நான் பிளான் போட்ட ஆபீசைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

கம்ப்யூட்டருக்கு முந்தின காலம். சாய்வு மேசை, டிரேசிங் பேப்பர், மை பேனா. ஒரு கோடு தப்பினால் தாளைக் கசக்கிப் போட முடியாது, அதில் பல நாள் வேலை இருக்கும். சவர பிளேடை எடுத்து மையை மட்டும் மெல்லச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடம் சொரசொரப்பாகிவிடும். அப்படியே கோடு போட்டால் மை பரவி அசிங்கமாகும். அதனால் கட்டைவிரல் நகத்தின் முதுகால் தேய்த்துத் தேய்த்து, பழையபடி வழவழப்பாக்கி, அப்புறம்தான் புதுக் கோடு. என் கட்டைவிரல் நகம் இன்றைக்கும் ஒரு பக்கம் தேய்ந்துதான் இருக்கிறது.

பிளானைப் பிரதி எடுக்கும் மெஷினில் அமோனியா ஓடும். கண்ணெல்லாம் எரியும். சட்டையில் ஏறினால் எத்தனை துவைத்தாலும் போகாது.

"வந்துட்டார், அமோனியா" என்பாள் யோகம். நான் கேட்டைத் திறக்கும் முன்பே அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். "அந்த நாத்தம் புடிச்ச சட்டைய வெளியிலேயே கழட்டிப் போடுங்க. வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, சொல்லிட்டேன்."

கல்யாணமான புதிதிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை இதே பாட்டு. பழைய ஆபீஸ் சட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கிழித்துத் தரை துடைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் எல்லை தெளிவாக இருந்தது. ஹால் என் ராஜ்ஜியம், குசினி அவள் ராஜ்ஜியம். தண்ணீர் கேட்டால் தண்ணீர் வரும். கேஸ் சிலிண்டர் பின்பக்கமாக வந்து பின்பக்கமாகப் போகும். கை கழுவும் தொட்டி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் குசினி வாசல் வரைக்கும் போவேன். நிலையில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவேன். ஆபீஸ் வம்பு, சொந்தக்காரர் வம்பு, எல்லாம் அந்த நிலையில் சாய்ந்துதான். உள்ளே கால் வைத்தால், "என்ன வேணும்? நான் எடுத்துத் தரேன், நீங்க போங்க" என்பாள்.

அந்தக் காலை. புட்டு அவியும் வாசம் ஹாலுக்கு வந்துகொண்டிருந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம். பாத்திரம் விழுந்தது என்று நினைத்தேன். "யோகம்?" என்றேன். பதில் இல்லை. ஓடினேன். அடுப்புக்குக் கீழே கிடந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். சிரமப்படவில்லை என்றார்கள். புட்டு மட்டும் அவிந்துகொண்டே இருந்தது. அந்த ஆவிச் சத்தத்தை என்னால் இன்றைக்கும் தாங்க முடியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கெல்லாம் முடிந்து, வீடு நிறைய இருந்த சனம் கலைந்தது. குசினியைக் கழுவித் துடைத்து, போகிற போக்கில் யாரோ கதவையும் இழுத்துச் சாத்திவிட்டார்கள். அலமாரியை நகர்த்தச் சொன்னது அன்றைக்குத்தான்.

கமலாவின் விரல்

வகுப்பில் என் சாமான்களை நானே கொண்டுபோக ஆரம்பித்தேன். ரூலர், மை பேனா, ஒரு சுருள் டிரேசிங் பேப்பர், பிளேடு. ஷாமினி தடுக்கவில்லை. "உங்க கைக்கு எது பழக்கமோ அதுலயே பண்ணுங்க அங்கிள்" என்றாள்.

கிள்ளான் வீட்டை எடுத்தேன். சும்மா இல்லை, முறைப்படி. சில வாரங்கள் பிடித்தன. கேட், கார் நிற்கும் இடம், ஹால், படுக்கையறைகள், குசினி. அந்த வீட்டை ஒரு சீன முதலாளியிடம், தவுக்கே என்போம், வாங்கினோம். குசினியைப் பின்னால் நீட்டிக் கட்டியது அவர்தான். எல்லாவற்றையும் அளவு பிசகாமல் போட்டேன். நெஞ்சில் ஒரு பழைய திருப்தி. கடைசியில் என் பெயரையும் மூலையில் எழுதினேன்.

மஞ்சள் வேன் பெண்மணியின் பெயர் கமலா. கிள்ளான் பக்கம் பண்டமாரானில் வெகுகாலம் ஸ்கூல் வேன் ஓட்டியவர். மார்பில் ஆபரேஷன் ஆன பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை தூக்க முடியவில்லை, வேனை விற்றுவிட்டார். அதனால் வாரா வாரம் வேனையே வரைவார். பிள்ளைகள் உள்ள வேன், காலி வேன், மழையில் வேன். "ஓட்டத்தான் முடியல, வரையறதுக்கு யார் லைசென்ஸ் கேக்கப் போறா?" என்பார். பேச்சில் நம்மூர் 'லா' வேறு வந்து ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு அவர் என் பிளானைப் பார்க்க எழுந்து வந்தார்.

"அம்மாடி! அப்படியே அச்சடிச்ச மாதிரி இருக்கு லா. அண்ணே, தொடலாமா?"

"மை காய்ஞ்சிடுச்சு, தொடுங்க."

விரலைக் கேட்டில் வைத்தார். வாயால் மெல்ல 'புர்ர்' என்று வண்டிச் சத்தம் வேறு. "கேட்டுக்குள்ள வந்தாச்சு. இது ஹாலு. சோபாவை இடிக்காம இப்படி வளைச்சா சாப்பாட்டு மேசை. இங்கேருந்து நேரா..." விரல் நின்றது. பின்னால் வந்து, மறுபடி போய், மறுபடி நின்றது.

"அண்ணே, குசினிக்கு எப்படிப் போறது?"

"நேரா போங்க."

"நேரா சுவர் இருக்கே."

குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

கதவு இல்லை. மறந்துபோய்க் காலியாக விட்டிருந்தாலாவது ஒரு சமாதானம் சொல்லலாம். செங்கல் சுவர் என்று காட்ட இரண்டு கோட்டுக்கு நடுவில் சாய்கோடு போட்டு நிரப்புவோம். அதைப் பிசிறில்லாமல், நிதானமாக, வாசலுக்குக் குறுக்கே போட்டு நிரப்பியிருக்கிறேன். பின்பக்கக் கதவையும் அடைத்திருக்கிறேன். அந்தக் குசினிக்குள் ஓர் எறும்புகூடப் போக முடியாது.

என் சர்வீசில் கதவில்லாத அறையை நான் வரைந்ததே இல்லை. புதிதாக வேலைக்கு வந்த பையன்கூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

"அது... ஸ்கேல் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"ஸ்கேல் சரி லா அண்ணே. வீட்டுக்காரம்மா எப்படி உள்ள போவாங்க?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் யோகத்தைப் பற்றி அங்கே மூச்சு விட்டதில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "எல்லாத்திலயும் மூக்கை நுழைக்கணுமா?" என்று கத்திவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

கீழே, டீக்கடையில்

கீழே அஞ்சடி நடைபாதையில், டீக்கடை வாசல் மேசையில், பால் இல்லாத தே ஓ ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பூக்கடைக்காரர் மாலை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கார்க்காரன் வழியை மறித்து நிறுத்திவிட்டு வாழையிலை வாங்கிக்கொண்டிருந்தான். வேறொரு நாளாக இருந்தால் அவனை ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்றைக்கு அந்தத் தெம்பும் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? யார் மேல்?

டீ ஆறியது. யோசித்து யோசித்து, கடைசியில் உண்மை வந்தது. அது கோபமே இல்லை, பயம். கதவு மூடியிருக்கும்வரை யோகம் உள்ளே ஏதோ வேலையாக இருக்கிறாள். மிளகாய் காய வைக்கிறாள், டப்பா துடைக்கிறாள், கூப்பிட்டால் வருவாள். திறந்து பார்த்துவிட்டால் அவள் இல்லை. அலமாரியை வைத்து நான் அடைத்தது அந்த ஒரு விஷயத்தைத்தான். இதை என்னிடம் யாராவது வாயால் சொல்லியிருந்தால், "போடா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு" என்றிருப்பேன். என் கையே வரைந்து காட்டிவிட்டது. என் கையோடு நான் எப்படிச் சண்டை போடுவேன்?

பேனாக்களை மேலேயே விட்டிருந்தேன். இல்லாவிட்டால் அப்படியே ரயிலேறி ஓடியிருப்பேன். பேனாவுக்காக ஏறினேன்.

கமலாவிடம் போய், "என் சம்சாரம் குசினியிலதான் போனா. அதுக்கப்புறம் நான் அதைத் திறக்கல. உங்க மேல கத்தினதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றேன். இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சுபாவிடம்கூடச் சொல்லாதது.

"ஐயோ, விடுங்கண்ணே" என்றார் கமலா. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நானும்தான். ஆபரேஷன் பண்ண பிறகு ஆறு மாசம் கண்ணாடி பாக்கல லா. ரூம்ல இருந்ததத் துணி போட்டு மூடிட்டேன்."

ஷாமினி என் தாளைத் தள்ளி வைத்தாள். "இது இப்படியே இருக்கட்டும் அங்கிள். மாத்தியே ஆகணும்னு இல்ல."

"கதவில்லாத பிளானுக்குக் கீழ என் பேர் இருக்கும்மா. விட முடியாது."

பிளேடை எடுத்தேன். சுவரைச் சுரண்டினேன். ரொம்ப மெல்ல. கறுப்புத் தூள் எழுந்தது. நகத்தால் தேய்த்தேன். எத்தனை நேரம் தேய்த்தேனோ, நிமிர்ந்தபோது மற்றவர்கள் எல்லாம் போயிருந்தார்கள், கமலாவும் ஷாமினியும் மட்டும் இருந்தார்கள். வாசல் திறந்துவிட்டது. இனிக் கதவு. பிளானில் கதவு போட ஒரு கோடு, அப்புறம் அது திறக்கும் பக்கத்துக்கு ஒரு கால் வட்டம். கீல் எந்தப் பக்கமோ, அங்கிருந்து வட்டம் சுழலும்.

பேனாவை வைத்தேன். கை நின்றது.

கீல் இடமா, வலமா?

அந்தக் கதவை யோகம் ஒரு நாளும் மூடியதில்லை. அது எப்போதும் உள்ளே சுவரோடு மடிந்து கிடக்கும். நான் வாசலில் நின்றே காலத்தைக் கழித்தவன், கதவைப் பார்த்தது எங்கே? ஊராருடைய கதவெல்லாம் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவு பண்ணியவனுக்கு, தன் வீட்டுக் குசினிக் கதவு தெரியவில்லை.

"இடப் பக்கமா அண்ணே?"

"தெரியல" என்றேன். நுனியில் மை காய்ந்துவிட்டது.

கீல்

ரயிலிலிருந்தே சுபாவுக்கு போன் போட்டேன். அந்த வாரம் எங்களுக்குள் பேச்சு சரியில்லை. வகுப்புக்கு நான் போயும் வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை என்று அவள் பொறுமை இழந்து, வரும் சனிக்கிழமை ஏஜென்ட்டை வரச் சொல்லிவிட்டாள். ஆள் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வருகிறார்களாம்.

"சுபா, நம்ம குசினிக் கதவுக்குக் கீல் எந்தப் பக்கம்?"

"அப்பா, சாப்ட்டீங்களா? உடம்பு ஏதும் பண்ணுதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. கீல் எந்தப் பக்கம், அதைச் சொல்லு."

"தெரியலையேப்பா. அம்மா அதை மூடினதே இல்லையே." பிறகு குரல் மாறியது. "ஏன்ப்பா கேக்கறீங்க?"

"அலமாரிய நகர்த்தணும். எனக்கு ஒத்தையா முடியாது."

மறுநாள் காலையிலேயே லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். அலமாரியிலிருந்து அவளுடைய பள்ளிக்கூடக் கோப்பைகளை எல்லாம் இறக்கினோம். இருவரும் சேர்ந்து தள்ளினோம். தரையில் கீறல் விழுந்தது. பின்னால் கதவு. ஒரு பல்லி ஓடியது.

"நான் திறக்கவாப்பா?"

"வேணாம். நான்."

ஈரத்தில் உப்பியிருந்தது. தோளைக் கொடுத்தேன். ஒரு முனகலோடு உள்ளே போனது. அடைத்துக் கிடந்த புழுக்கம் முகத்தில் அடித்தது. சுபா லைட்டைப் போட்டாள். அடுப்பு. புட்டுக்குழல் கவிழ்த்து வைத்திருந்தது. யோகம் இல்லை.

இல்லை என்று பார்த்துவிட்டேன். ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

வந்த வேலையைப் பார்க்க வேண்டுமே. கீல் இடப் பக்கம். நன்றாகப் பார்க்கக் கதவைச் சுவரிலிருந்து இழுத்தேன். அதன் உள்பக்கம் ஓர் ஆணியில் ஒரு சட்டை தொங்கியது.

என் சட்டை. நீல நிற ஆபீஸ் சட்டை. கையை முழங்கைக்கு வெட்டியிருந்தாள். முன்பக்கமெல்லாம் மஞ்சள் கறையும் எண்ணெய்ப் புள்ளியும்.

"இது என்ன இங்க?"

"அம்மா மீன் பொரிக்கறப்ப இதத்தானே போட்டுக்குவாங்க" என்றாள் சுபா. "தேங்கா துருவ, மிளகா வறுக்க, எல்லாத்துக்கும். ஒண்ணு கிழிஞ்சா அடுத்தத எடுத்துக்குவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? ஹாலுக்கு வரும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டுதானே வருவாள். நாத்தம் பிடித்த சட்டை, நாத்தம் பிடித்த சட்டை என்று ஆயுசு முழுக்க என்னைத் திட்டினாளே, கள்ளி! பகல் முழுவதும் அதைத்தான் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

முகத்தில் வைத்துப் பார்த்தேன். அமோனியா இல்லை. தேங்காயெண்ணெய், வெந்தயம், யோகம்.

செத்த வீட்டில் நான் அழவில்லை. ஆம்பிளை, பெரியவர், வந்தவர்களைக் கவனிக்க வேண்டும் என்று விறைப்பாக நின்றவன். அன்றைக்குக் குசினித் தரையில் உட்கார்ந்து, அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். சுபாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவள் அம்மாவுக்காக அழுததை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. எனக்காக அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

அப்புறம் நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். இடுப்பில் கொஞ்சம் இறுக்கம். அடுப்பைத் துடைத்து, தண்ணீர் வைத்தேன். சீனி எந்த டப்பாவில் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்தேன். கிடைத்தபோது கல்லாக இறுகியிருந்தது, கரண்டிக் காம்பால் குத்தி எடுத்தேன். சுபா வாசல் நிலையில், நான் சாயும் அதே இடத்தில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும்? நான் எடுத்துத் தரேன், நீ போ" என்றேன்.

அவள் சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாள். "Boss, சனிக்கிழமை வர வேணாம்... இல்ல, வேற டேட் வேணாம். விக்கல."

டீ

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். புட்டு இன்னும் அவிப்பதில்லை. சில காலைகளில் குசினி வாசலில் அப்படியே நின்றுவிடுகிறேன். ஆனால் உள்ளே போகிறேன். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். தேங்காய்ப்பால் சொதி வைத்தேன், சுபா குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய மரியாதை.

அடுத்த வாரம் வகுப்பில் பிளானை விரித்தேன். நகத்தால் தேய்த்த இடம் பத்திரமாக வழவழப்பாக இருந்தது. பேனாவை இடப் பக்கம் ஊன்றி, கால் வட்டத்தைச் சுழற்றினேன். மை பரவவில்லை. பிளானில் சட்டைக்கு அடையாளம் கிடையாது. அதனால் பிஸ்கட் டின்னில் கைவிட்டு ஒரு நீலக் கிரயோனை எடுத்து, கதவுக்குப் பின்னால், அளவில்லாமல், மனசில் வந்தபடி ஒன்று போட்டேன். கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஷாமினி பார்த்தாள், டின்னை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

கமலா வந்து நின்றார். கேட்காமலே விரலைக் கேட்டில் வைத்தார். புர்ர். கார் நிற்கும் இடம், ஹால், சோபாவை இடிக்காமல் ஒரு வளைவு, சாப்பாட்டு மேசை. கால் வட்டத்துக்கு முன்னால் ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். விரல் உள்ளே போனது.

"வந்துட்டேன் அண்ணே. டீ இருக்கா?"

"இருக்கு" என்றேன். "உக்காருங்க, நானே போட்டுத் தரேன்."